நெஸ்டிங் எந்தப் பக்கம்

தகடு ஏறி, மூடி இறங்கி, லேசர் தலை முதல் துளையை இறக்கியபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. திரையின் மூலையில் மிச்ச நேரம் முப்பத்தெட்டு நிமிடம் என்று விழுந்தது. ஆபரேட்டர் முனிவெங்கடப்பா கண்ணாடி அறைக் கதவைப் பாதி திறந்து, "ஓடுது மேடம், நான் போய் ஆக்சிஜன் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞானசௌந்தரி தலையை ஆட்டினாள். ஓசூரில் இந்தக் கம்பெனிக்கு அவள் வந்து பத்தொன்பது வருஷம், இந்தக் கண்ணாடி அறைக்குள் வந்து பதினொன்று. என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு அவள் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொல்வது. உள்ளபடி சொன்னால், ஒரு பெரிய இரும்புத் தகட்டில் வெட்ட வேண்டிய உருப்படிகளைத் திருப்பியும் சாய்த்தும், ஒன்றின் இடுப்புக்குள் இன்னொன்றின் தோளை நுழைத்தும், தகடு வீணாகாமல் நெருக்கி அடுக்குகிற வேலை. நெஸ்டிங். பக்கத்துப் போர்ஷன் அம்மா ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டு, "இட்லித் தட்டுல மாவு ஊத்துற மாதிரியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஆமாம் என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும், இல்லை என்றால் விளக்க வேண்டும், விளக்கினால் அந்த அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே கேட்பாள். இன்றைக்கு மெஷினில் ஓடுகிற தகட்டை அவள் அடுக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் டிசைன் ஆபீஸில் அடுக்கி, எதை முதலில் வெட்டுவது என்ற வரிசை உட்பட முடிவு செய்து, நேற்று சாயந்திரம் அனுப்பியிருந்தார்கள். சோதனை ஓட்டம். காலையில் பிளாண்ட் மேனேஜர் ரகோத்தமன் சாரிடமிருந்து மெயில். படம் வரைகிற கேட் மென்பொருளிலேயே இனி நெஸ்டிங்கையும் வைத்துக்கொள்ளலாமா, அல்லது இப்போது இருப்பதுபோல மெஷினுக்கு புரோகிராம் எழுதுகிற கேம் மென்பொருளிலேயே இருக்கட்டுமா, பன்னிரண்டு மணிக்கு மென்பொருள் விற்கிறவர்களிடம் பேச வேண்டும், பதினொன்றரைக்குள் உங்கள் கருத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ஒரு வரியில். பதினொரு வருஷத்தை.

கேம் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று எழுத அவளுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். படம் வரைகிறவர்களுக்குத் தகடு என்பது ஒரு செவ்வகம், அவ்வளவுதான். எல்லா மூலையும் நேராக இருக்கிற, துரு இல்லாத, எப்போதும் புதிதான செவ்வகம். இங்கே வருகிற தகடு அப்படியா வருகிறது. லாரியில் நனைந்து வரும், நடுவில் லேசாகத் தொப்பை போட்டு வரும். உருட்டாலையில் எந்தத் திசையில் உருட்டினார்களோ அந்தத் திசைக்கு ஒரு குணம் இருக்கும், அதை மதிக்காமல் அடுக்கி வெட்டிவிட்டால் பிறகு வளைக்கும்போது மடிப்பில் கீறல் விடும். போன வாரம் வெட்டி மீந்த துண்டு ரேக்கில் எது கிடக்கிறது, அதில் இன்றைய சின்ன உருப்படி எது அடங்கும் என்பது இங்கே இருக்கிறவளுக்குத்தான் தெரியும். வெட்டுப்பட்ட சின்னச் சதுரம் ஒன்று நிமிர்ந்து நின்றுவிட்டால் லேசர் தலை அதில் போய் இடிக்கும், அந்தச் சத்தம் கோயம்புத்தூரில் யாருக்குக் கேட்கும். இப்படி வாதிட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். யாரிடம் வாதிடுகிறோம்? ரகோத்தமன் சாரிடம் இல்லை. மனசுக்குள் எதிரே உட்கார்ந்து, "அதுவுஞ் செரித்தானுங்க மேடம், ஆனா இப்படிப் பாருங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது திருமூர்த்தியின் குரல். கோயம்புத்தூர் டிசைன் ஆபீஸில் இந்த உருப்படிகளை வரைகிற திருமூர்த்தி. ஒன்பது வருஷமாகத் தினமும் போனில் பேசி, ஒருமுறைகூட நேரில் பார்க்காத திருமூர்த்தி. அவர் குரலை அவள் மனம் தானாகவே போட்டுக்கொள்கிறது, கொங்குப் பேச்சோடு, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'ங்க'வோடு. சொந்தத் தங்கையின் குரலை அப்படி வரவழைக்க முடியுமா என்று முயன்று பார்த்தாள். வந்தது, ஆனால் போனில் தாமதமாகக் கேட்பதுபோல.

காலை பத்து நாற்பதுக்கு அவர் போன் வரும். டீ குடித்துவிட்டுப் பேசுகிறவர் என்பது தொண்டையில் தெரியும். "மேடம், நம்ம ஆறு எம்எம் துண்டு ஏதாச்சுங் கெடக்குதுங்களா?" என்றுதான் ஆரம்பம். கிடக்கிறது, இந்த நீளம், இந்த அகலம், ஒரு ஓரம் கோணல். "அப்ப அந்த ஓரத்துல நம்ம சின்ன பிளேட்ட வச்சுப்போடலாமுங்களா?" வைக்கலாம், ஆனால் மூன்று மில்லி இடிக்கும். "மூணு மில்லிதானுங்களே, பிளேட்டுல கொறச்சுட்டாப் போச்சு." அந்த வார்த்தை முதல்முறை கேட்டபோது அவளுக்கு ஒரு திடுக்கிடல். அவளிடம் வருகிற உருப்படியின் வடிவம் முடிந்துபோன ஒன்று. திருப்பலாம், கவிழ்க்கலாம், இடம் மாற்றலாம், வடிவத்தைத் தொடக் கூடாது. அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு வடிவமே கையில் இருக்கிறது. இடம் போதாவிட்டால் உருப்படியைக் கொஞ்சம் மாற்றிவிடலாம். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மழைக்கால காலையில் இருவரும் ஒரு மணி நேரம் போனைக் கீழே வைக்காமல் பேசி, ஒரு தாங்கியின் மூலையைச் சாய்வாக வெட்டி, எழுபதுதான் வரும் என்றிருந்த தகட்டில் எழுபத்தொன்றாவதை நுழைத்தார்கள். திரையில் அது பச்சையாக மாறி உட்கார்ந்தது. பிறகு அவர், "உக்காந்துருச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். தூங்கும் குழந்தையைப் பற்றிக் கேட்கிற குரலில். உட்கார்ந்துவிட்டது என்றாள். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் தங்கை சுகிர்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். கேட் பக்கத்திலிருந்து கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள், ஒன்று கூடுதலாக வந்துவிட்டது என்று. "எந்த கேட்டு? வாட்ச்மேன் நிக்க கேட்டா?" என்றாள் தங்கை. விளக்கியதும், "சரிக்கா, அதுக்கென்ன இப்பம்?" அதுக்கென்ன இப்பம். சுகிர்தா கெட்டவள் இல்லை. அவள் பின்னால் பிரஷர் குக்கர் கத்திக்கொண்டிருந்தது, சின்னவன் அழுதுகொண்டிருந்தான். ஒரு எழுபத்தொன்றாவது உருப்படிக்கு அங்கே எங்கே இடம் இருக்கும்.

திரையில் மிச்சம் இருபத்தெட்டு நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீப்பொறி தகட்டுக்கு அடியில் கொட்டிக்கொண்டிருந்தது. மூடியின் வழியாகப் பார்க்கையில் வெளிச்சம் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் முன் ஒரு சின்ன நிறுத்தம், பிறகு ஆக்சிஜன் சீறல். அவள் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அதை அவளே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோதனை ஓட்டத்தைக் கவனிக்கிறேன் என்ற பேரில், எங்காவது ஒரு சின்னச் சதுரம் நிமிர்ந்து நிற்காதா, லேசர் தலை போய் இடிக்காதா, சிவப்பு விளக்கு எரியாதா, ரகோத்தமன் சார் மாடிப்படி இறங்கி வந்து பார்க்க மாட்டாரா என்று காத்திருந்தாள். இப்படி ஆசைப்படுவது எவ்வளவு அசிங்கம். அந்தத் தலை உடைந்தால் மெஷின் பத்து நாள் நிற்கும், முனிவெங்கடப்பாவுக்கு ஓவர்டைம் போகும். ஆனாலும் கண் தேடியது. சின்னச் சதுரங்கள் வரிசையாக வெட்டுப்பட்டன, ஒன்றும் நிமிரவில்லை. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் முடி அளவுக்கு வெட்டாமல் விட்ட ஒட்டு. கையால் தட்டினால் உதிரும், அதுவரை பிடித்துக்கொண்டிருக்கும். எங்கே விட வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள், ஆறேழு வருஷத்துக்கு முன், அவர் சும்மா கேட்டதற்கு. மூலையில் விடாதீர்கள், மூலையில் விட்டால் உடைக்கும்போது பிசிறு நிற்கும், நீளப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி. மூன்றில் ஒரு பங்கு தள்ளித்தான் இருந்தது. பெரிய தாங்கிகளைப் பார்த்தாள். எல் வடிவத் தாங்கிகள், லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனிக்கு. இரண்டிரண்டாகத் தலைகீழாகக் கோத்து, வளைவுக் கோடு எல்லாம் உருட்டிய திசைக்குக் குறுக்கே வரும்படி. அதையும் அவள்தான் சொன்னாள். பிறகு தகட்டின் வலது கீழ் மூலை. அங்கே ஒரு கை அளவுக்கு ஒன்றும் வைக்காமல் விட்டிருந்தது. எந்த மென்பொருளும் அப்படி விடாது. விட வேண்டிய காரணம் எந்தப் படத்திலும் இல்லை. இங்கே தகடு இறக்குகிற ஃபோர்க்லிஃப்ட், தூணை ஒட்டித் திரும்புகிற இடத்தில் எப்போதும் அந்த ஒரு மூலையை மட்டும் இடித்துக்கொண்டுதான் வரும். எந்தத் தகட்டை எடுத்தாலும் அந்த மூலை கொஞ்சம் மடங்கியிருக்கும். எப்போதோ ஒரு நாள் சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னது. எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அந்தக் காலி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோஷம்தான், அதைச் சந்தோஷம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்ல. ஒரு மனுஷி சொன்னதை ஒரு மனுஷன் இவ்வளவு கேட்டிருக்கிறான். பதினொரு மாதம் உடன்குடியில் ஒரு வீட்டில் மருமகளாக இருந்தாள், அந்த வீட்டில் அவள் காபியில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டாள் என்பது கடைசி வரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. கட்டில் இந்தப் பக்கம் வேண்டாம், உன் பெட்டியை அந்தப் பக்கம் வை, நீ கொஞ்சம் தள்ளி நில்லு, சாமான் எடுக்கணும். அவர்கள் அடித்தார்கள் திட்டினார்கள் என்று எதுவும் சொல்ல முடியாது. திரும்பி வந்துவிட்டாள், அவர்களும் கூப்பிட வரவில்லை. அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அவளிடம் இருந்ததெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. கேம் பக்கத்துக்கென்று என்னென்ன காரணங்களை விரல் விட்டு எண்ணினாளோ, தகட்டின் திசை, ஒட்டு, மடங்கிய மூலை, அத்தனையும் ஒன்பது வருஷமாக, ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக, அவளே போன் வழியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இனி அவர் கேட்பதற்கு என்ன இருக்கிறது. மீந்த துண்டுகளின் கணக்கு மட்டும். அதை ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டால் அவரே திரையில் பார்த்துக்கொள்வார், பத்து நாற்பதுக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

பத்து நாற்பது. அந்த நேரம் இப்போது மூன்று வாரமாகச் சும்மா கடந்து போகிறது. கடக்கும்போது கை தானாகப் போனைத் திருப்பி வைக்கிறது, திரை மேலே தெரியும்படி. ஒரு தடவை, அது ஒரு திங்கள்கிழமை, அவர் கூப்பிட்டு அவள் ஹலோ என்றதும், "தொண்டை செரியில்லீங்களா மேடம்? கட்டுனாப்ல இருக்குது" என்றார். சளி இல்லை, ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால், சனிக்கிழமை மதியம் கம்பெனி பஸ்ஸில் இறங்குகையில் டிரைவரிடம் 'வர்றேன்' என்று சொன்னதுதான் அவள் கடைசியாகப் பேசியது. தண்ணீர் கேன்காரன் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும், நல்லாருக்கீங்களா என்று கேட்டுப் பதில் வருவதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்துவிடுவார்கள்; ஆராதனைப் பாட்டுக்கும் வாயசைத்தாளே தவிரக் குரல் எழும்பவில்லை. நாற்பத்தாறு மணி நேரம் பேசாத தொண்டையை அவர் கண்டுபிடித்துவிட்டார், காரணம் தெரியாமலே. சளிதான் என்று சொன்னாள். போன வருஷம் நிஜமாகவே காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டாள், போன் சார்ஜ் தீர்ந்து எங்கேயோ கிடந்தது. குளியலறைக்குச் சுவரைப் பிடித்து நடக்கும்போது, இங்கே விழுந்தால் யாருக்கு எப்போது தெரியும் என்று ஒரு எண்ணம். வாடகை வாங்க வரும் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒன்றாம் தேதி தெரியும். தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியலாம், அல்லது பிஸியாக இருக்கிறாள் என்று நினைத்து அடுத்த ஞாயிறு. மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது வாசலில் இருந்த செக்யூரிட்டி சொன்னான், கோயம்புத்தூர்லேருந்து ரெண்டு தடவை உங்களைக் கேட்டு போன் வந்துச்சு, ஆளை அனுப்பிப் பாக்கச் சொன்னாரு ஒருத்தர் என்று. ஆளை யாரும் அனுப்பவில்லை. அது வேறு விஷயம். ஒரு ஃபைல் பாக்கி இருந்தது அப்போது, அதற்காகவும் கேட்டிருக்கலாம். அதற்காகத்தான் கேட்டிருப்பார். இந்த இடத்துக்கு வந்து வந்து அவள் மனம் திரும்பிவிடும். ஃபைலுக்காகவா என்று கேட்கும், பதில் வருவதற்குள் அதுவே நகர்ந்து போகும்.

பதினேழு நிமிடம். மெயிலைத் திறந்தாள். பதில் பெட்டியில் கோடு மினுக்கியது. 'கேம் பக்கமே இருக்கட்டும்' என்று அடித்து, பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு இந்த மட்டும் வந்ததே எதனால் என்பது அவளுக்குத் தெரியும், அது தெரிந்துகொண்டு இந்த வரியை அனுப்புவது எப்படி. போன மாதம் பதினான்காம் தேதி இதே எல் தாங்கியை, அறுபத்துநான்கு எண்ணம், அவள் அடுக்கி வெட்டி, வளைத்து, பெயின்ட் அடித்து அனுப்பி, அத்தனையும் திரும்பி வந்தது. துளை நான்கு மில்லி உள்ளே தள்ளியிருக்க வேண்டும். படம் மாறியிருந்தது, பழைய படத்தை வைத்து வெட்டியிருந்தார்கள். ரகோத்தமன் சார் கூட்டம் போட்டார். கோயம்புத்தூர் ஆட்கள் வீடியோவில் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்தார்கள், திருமூர்த்தி மட்டும் கேமராவை அணைத்து வைத்திருந்தார், பெயர் மட்டும் தெரிந்தது. படம் மாறினால் நெஸ்டிங் தானாக மாற வேண்டாமா, இது சிஸ்டத்தின் கோளாறு, கேட்டுக்கும் கேமுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றார் சார். அப்போது அந்தப் பெயரிலிருந்து குரல் வந்தது: "சார், அது எம் மேல தப்புங்க. படம் மாத்துனா மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன். அன்னைக்கு மறந்துட்டனுங்க." அவள் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். நாற்காலியில், சாருக்கு இடது கைப்பக்கம். வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் மெயில் வந்திருந்தது. பதினான்காம் தேதி காலை ஒன்பது ஐம்பதுக்கு, புதிய படத்தோடு, அவர் பெயரில். அவள் பார்த்தாள். திறக்கவில்லை. எப்படியும் பத்து நாற்பதுக்குக் கூப்பிடுவார், அவர் வாயால் சொல்லட்டும், அப்போது திறந்துகொள்ளலாம். முன்னாலேயே திறந்து வேலையை முடித்துவிட்டால் அவர் கூப்பிட்டு, "மாத்திட்டீங்களா? செரி மேடம்" என்று அரை நிமிஷத்தில் வைத்துவிடுவார். இப்படி எத்தனையோ மெயில்களை அவள் திறக்காமல் விட்டிருக்கிறாள். துளை எவ்வளவு தள்ளியிருக்கிறது, ஏன், யார் கேட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்பாள், முதல்முறை கேட்பதுபோல. அன்றைக்கு போன் வரவில்லை. பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. முனிவெங்கடப்பா வந்து, தகடு ஏத்திட்டேன் மேடம் என்றார். அவளுக்குக் கோபம். கோபத்தில் பழைய படத்தை ஓடவிட்டாள். மறந்துவிட்டது என்று இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறக்கவில்லை. ஒரு மெயில் திறக்காமல் தடித்த கறுப்பு எழுத்தில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அறுபத்துநான்கு தாங்கிகள் ஸ்கிராப்புக்குப் போனதற்கு நடுவில் எந்தப் பள்ளமும் காரணமில்லை. ஒருத்தி போனுக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு சார் உத்தரவு, எல்லாம் மெயிலில். திருமூர்த்தியின் மெயில்களில் 'ங்க' இல்லை. இணைப்பைப் பார்க்கவும், நன்றி. அவளும் பெற்றுக்கொண்டேன், நன்றி என்று எழுதினாள். மூன்று வாரம். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மெயில் அனுப்பியவர் அவர்தானே. சார் கேட்டபோது நான் மெயில் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவள் மேல் வந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கப் போனால் மறுபடியும் அதே சுழல், இரக்கமா, அலட்சியமா, இவளை எதற்கு மாட்டிவிட வேண்டும் என்ற பொதுவான நல்ல குணமா. அது எதுவாகவும் இருக்கட்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஒன்பது நிமிடம். கடைசி வரிசைத் தாங்கிகள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. அடித்திருந்த வரியை அழித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். 'நெஸ்டிங் கேட் பக்கம் இருப்பதே சரி. வடிவத்தை மாற்ற அவர்களால் முடியும், படம் மாறினால் அடுக்கும் மாறும். இன்று ஓடும் தகட்டில் குறை ஒன்றும் இல்லை. மீந்த துண்டுகளின் விவரம் மட்டும் இங்கிருந்து தினமும் போக வேண்டும்.' நிறுத்தினாள். ஒரு வரி கேட்டவருக்கு நான்கு வரி. அடுத்த வரியைத் தொடங்குவதற்கு முன் அவள் மனம் என்னென்ன சாக்கோ சொன்னது, யாரும் கேட்கவில்லையே, முடிந்துபோன விஷயம், வேலை போனால் இந்த வயதில் எங்கே போவாய், வாடகை, தங்கை மறுபடி அனுதாபமாகப் பேசுவாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே எழுதினாள். 'பதினான்காம் தேதி மாறிய படம் காலை 9.50க்கே எனக்கு மெயிலில் வந்துவிட்டது. நான் திறக்கவில்லை. திருமூர்த்தி மேல் தப்பில்லை.' ஏன் திறக்கவில்லை என்பதை எழுதவில்லை. அதை எந்தத் தமிழில் எழுத. அனுப்பிவிட்டு, திருமூர்த்திக்கும் ஒரு நகல் போட்டிருக்கலாமோ என்று தோன்றியது. வேண்டாம்.

மெஷின் நின்றது. மூடி மேலே எழும்பியது. முனிவெங்கடப்பா தாங்கிகளைத் தட்டித் தட்டி எடுத்து அடுக்கிவிட்டு, கண்ணாடிக்கு வெளியிலிருந்து கட்டை விரலைக் காட்டினார். அறுபத்துநான்கும் சரி. இன்டர்காம் அடித்தது.

"படிச்சேன்" என்றார் ரகோத்தமன் சார். "இப்ப எதுக்கு இத எழுதினீங்க? அந்த விஷயம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே."

"முடியல சார்."

"என்ன முடியல?"

"அவர் பேர்ல நிக்குதுல்லா சார், அது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"சரி. வெண்டர்கிட்ட கேட் பக்கம்னே சொல்லிடறேன். அடுத்த மாசத்துலேருந்து நீங்க தகடு வளைக்கிற பெண்டிங் மெஷின் புரோகிராம் பாருங்க, அங்க ஆள் இல்ல. அந்த மெயில் விஷயத்துக்கு ஒரு மெமோ குடுக்க வேண்டியிருக்கும் மேடம். என்னால அத விட முடியாது."

"குடுங்க சார்."

வைத்துவிட்டாள். வேலை போகவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அதோடு இந்தக் கண்ணாடி அறை போயிற்று என்பதும். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தகடு அளவுப் பட்டியலைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செல்போனை எடுத்து, ஒன்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் கூப்பிடாத அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எப்போதும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். மூன்று முறை மணி அடித்தது. வைத்துவிடலாம் என்று காதிலிருந்து எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் திருமூர்த்தி. குரலில் ஒரு பதற்றம். "தகடுல ஏதாச்சுந் தப்பாப் போச்சுங்களா? மூலைய விட்டிருந்தனுங்களே."

"பாத்தேன். தகடு நல்லா வந்துருக்கு. அறுபத்துநாலும் சரியா இருக்கு."

"அப்பறமுங்க? துண்டு ஏதாச்சும்?"

"துண்டு இல்ல." அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "அந்த மெயிலு வந்துச்சு. பதினாலாம் தேதி. நான்தான் திறக்கல. சாருக்கு இப்பதான் எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். எழுந்து வெளியே நடக்கிறார் போலிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டது.

"அதுக்கெதுக்குங்க மேடம் எழுதுனீங்க" என்றார். "நான் பொய் சொல்லலீங்க. எப்பவும் போன்ல சொல்றவன் அன்னைக்குச் சொல்லலீங்களே. அன்னைக்குத்தான் பையனைச் சென்னையில ஹாஸ்டல்ல விட்டுட்டு காலைல வந்து எறங்குனேன். அவங்கம்மா போன பொறவு அவனும் நானுந்தானுங்க வீட்ல. மெயில் அனுப்பிப்போட்டேன். பேச முடியலீங்க. பேசுனா அழுதுருவனாட்ட இருந்துச்சு."

ஒன்பது வருஷத்தில் பையனைப் பற்றி அவர் சொன்னதில்லை. மனைவி இல்லை என்பதைச் சொன்னதில்லை. அவளும் எதையும் சொன்னதில்லை. மில்லி மீட்டரில் மட்டுமே பேசியிருக்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். வருத்தமாக இருக்கிறது என்று சொல்லலாம். எந்தக் காலேஜ் என்று கேட்கலாம். வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் உட்காரவில்லை.

"நெஸ்டிங் உங்க பக்கம் வந்துருது" என்றாள் கடைசியில். "அடுத்த மாசத்துலேருந்து."

"அப்படிங்களா."

"ம்."

அவர் நின்றிருந்த இடத்தில் யாரோ பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

"சாப்பிட்டீங்களா மேடம்?"

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. காலைச் சாப்பாட்டுக்கும் இல்லாத, மதியத்துக்கும் ஆகாத நேரம். "சாப்பிட்டேன்" என்றாள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வது.

"என்னங்க சாப்பிட்டீங்க?"

இட்லி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சின்னப் பொய் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார், அவசரமில்லாமல்.

"இல்ல திருமூர்த்தி" என்றாள். அவர் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "இன்னும் ஒண்ணுஞ் சாப்பிடல."